கிரிப்டிக் குறுக்கெழுத்து: விடை காண்பதும் விளக்கம் சொல்வதும்

விலங்குக்குள் கால் நுழைய, குளத்தில் குதிப்பது (3)

இந்தக் குறிப்பைப் படித்ததும் ஒரு மிருகமும் அதன் காலும் ஒரு குளமும் மனக்கண்ணில் வந்து நிற்கும். அந்தக் காட்சியை ரசித்துவிட்டு உடனே மறந்துவிடுங்கள். கிரிப்டிக் குறுக்கெழுத்தில் குறிப்பு காட்டும் காட்சிக்கும் விடைக்கும் பெரும்பாலும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இதன் விடை 'தவளை'. குளத்தில் குதிப்பது தவளை என்று யார் வேண்டுமானாலும் ஊகித்துவிடலாம். ஆனால் விலங்குக்கும் காலுக்கும் அங்கே என்ன வேலை என்று சொல்ல முடியாதவரை அந்தப் புதிரை நீங்கள் அவிழ்த்ததாக நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு பிடிவாதத்தின் மேல்தான் நிற்கிறது.

குறுக்கெழுத்து பிறந்தது 1913 டிசம்பர் 21 அன்று. 'நியூயார்க் வேர்ல்டு' நாளிதழில் ஆர்தர் வின் வைர வடிவக் கட்டம் ஒன்றை வெளியிட்டார். அதில் இருந்தவை நேரடியான குறிப்புகள். சொல்லை உடைத்து, ஒளித்து, கலைத்துப் போடும் கிரிப்டிக் வகை 1920களில் இங்கிலாந்தில் வளர்ந்தது. 'டார்க்கிமாடா' என்ற புனைபெயரில் எட்வர்ட் போவிஸ் மேதர்ஸ் 'அப்சர்வர்' இதழில் போட்ட புதிர்கள் அதற்கு ஒரு தனி வடிவம் கொடுத்தன. அந்த வடிவம் நமக்கு வெளியிலிருந்து வந்தது என்றாலும் அதன் உயிர் தமிழுக்குப் புதிதல்ல. ஔவையார் பாடியதாகச் சொல்லப்படும் தனிப்பாடல் 'எட்டேகால் லட்சணமே' என்று தொடங்குகிறது. தமிழ் எண் முறையில் எட்டுக்கு 'அ', காலுக்கு 'வ'. ஆகவே அது 'அவலட்சணமே' என்ற வசை. அதே பாட்டில் 'எமனேறும் பரி' என்றால் எருமை. சிலேடையில் ஊறிய மொழிக்கு இந்த விளையாட்டு எளிதாகவே ஒட்டிக்கொள்கிறது.

முதலில் எண்ணுங்கள்

அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண் விடையில் எத்தனை எழுத்துகள் என்பதைச் சொல்கிறது. தமிழில் உயிர், மெய், உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். 'விலங்கு' என்பது வி, ல, ங், கு என நான்கு கட்டம். புள்ளி வைத்த எழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டு என்பதைப் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். விரல்விட்டு எண்ணிப் பழகுங்கள்.

பிறகு இரண்டாகப் பிளந்து பாருங்கள்

ஒவ்வொரு குறிப்பிலும் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, விடையின் நேரடிப் பொருள். மற்றொன்று, அந்த விடையை எழுத்து எழுத்தாகக் கட்டிக் கொடுக்கும் சொல் விளையாட்டு. நேரடிப் பொருள் எப்போதும் குறிப்பின் தொடக்கத்தில் இருக்கும் அல்லது முடிவில் இருக்கும், நடுவில் இருக்காது. இந்த ஒரு விதியே பாதிச் சுமையைக் குறைத்துவிடும். குறிப்பை எங்கே வெட்டலாம் என்று தேடுவதுதான் முதல் வேலை.

இரண்டு பகுதிகளுமே நேரடிப் பொருளாக இருப்பது எளிய வகை.

அரை டஜன் நதி (2)

'அரை டஜன்' என்பதற்கும் ஆறு, 'நதி' என்பதற்கும் ஆறு. 'மிருகம் கைதியின் கையில் (4)' என்பதும் அப்படியே. மிருகமும் விலங்கு, கைதியின் கையில் பூட்டியிருப்பதும் விலங்கு. 'விலங்கு' என்ற சொல்லுக்கு இந்த இரண்டாம் பொருள் இருப்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சற்று நேரத்தில் தேவைப்படும்.

ஏவும் சொல்லைத் தேடுங்கள்

சொல் விளையாட்டுப் பகுதியில் பெரும்பாலும் ஒரு சொல் ஏவலாள் வேலை செய்யும். எழுத்துகளைக் கலை, ஒளித்ததை எடு, ஒன்றை நீக்கு, ஒன்றுக்குள் ஒன்றை வை என்று அது கட்டளையிடும். அதை அடையாளம் கண்டுகொண்டால் பாதை திறந்துவிடும்.

குழம்பிய, கலைந்த, சிதறிய, தள்ளாடும், பித்துப்பிடித்த என்றெல்லாம் வந்தால் பக்கத்தில் உள்ள சொல்லின் எழுத்துகளை இடம் மாற்றிப் போட வேண்டியிருக்கும்.

நகரம் குழம்பினால் பாவிகள் போய்ச் சேரும் இடம் (4)

ந, க, ர, ம் என்ற நான்கு எழுத்துகளையும் குழப்பினால் 'நரகம்'. 'பாவிகள் போய்ச் சேரும் இடம்' என்பது நேரடிப் பொருள். இங்கே 'நகரம்' என்ற சொல் வேற்றுமை உருபு எதையும் ஏற்காமல் நிற்பதைக் கவனியுங்கள். 'நகரத்தைக் குழப்பினால்' என்று எழுதியிருந்தால் எழுத்துகளே மாறிப்போயிருக்கும். ஆகவே கலைக்க வேண்டிய சொல்லும், விடையை ஒளித்து வைத்திருக்கும் சொற்களும் எழுத்து மாறாமல் அப்படியே நிற்க வேண்டும் என்பது நேர்மையான புதிராசிரியரின் ஒழுங்கு. ஒரு வாக்கியத்தில் ஒரு பெயர்ச்சொல் உருபில்லாமல் சற்று விறைப்பாக நின்றால் என் சந்தேகம் முதலில் அதன் மேல்தான் விழும்.

உள்ளே, ஒளிந்த, பொதிந்த, மறைத்த என்று வந்தால் விடை உங்கள் கண் முன்னாலேயே இருக்கிறது.

அக்கா விரித்த பாயில் ஒளிந்த நதி (3)

இடைவெளியைப் பொருட்படுத்தாமல் படியுங்கள். அக்'கா விரி'த்த. காவிரி கிடைத்துவிட்டது. இந்த வகை எளிதாகத் தெரிந்தாலும் இதுவே அதிகம் ஏமாற்றும். வாக்கியம் இயல்பாக ஓடுவதால் கண் சொற்களை மட்டும் பார்க்கிறது, எழுத்துகளைப் பார்ப்பதில்லை.

தலையிழந்த, வாலறுந்த, இடையொடிந்த என்பவை நீக்கச் சொல்பவை. தலை என்றால் முதலெழுத்து, வால் என்றால் கடைசி எழுத்து. நம் விடுகதைகளில் முதலெழுத்தை எடுத்தால் இது, இடையெழுத்தை எடுத்தால் அது என்று கேட்டுப் பழகியவர்களுக்கு இது தெரிந்த ஆட்டம்தான்.

தலை இழந்த கவிதை மண்ணில் விழுந்தால் முளைக்கும் (2)

கவிதையில் 'க' போனால் 'விதை'.

ஏவும் சொல்லே இல்லாமல் இரண்டு துண்டுகளை ஒட்டுவதும் உண்டு. 'குதிரையைத் தொடரும் உறைப்பு தோஷத்தைப் போக்கும் (5)' என்ற குறிப்பில் 'தொடரும்' என்பது வரிசையை மட்டும் சொல்கிறது. குதிரைக்குப் 'பரி', உறைப்புக்குக் 'காரம்', சேர்த்தால் 'பரிகாரம்'. இங்கே புணர்ச்சி விதி எதுவும் தலையிடாது. எழுத்துகளை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

திருப்பிப் படிக்கும் வகை தமிழில் அரிது. நம் சொற்கள் நிறைய மெய்யெழுத்தில் முடிகின்றன. திருப்பினால் மெய்யில் தொடங்க வேண்டிவரும், அப்படி ஒரு சொல் தமிழில் கிடையாது. 'விகடகவி' நம் எல்லோருக்கும் தெரிந்த அதிசயம். 'திரும்பி நின்று கை வை, நதி தட்டுப்படும் (2)' என்பதில் 'கை வை'யைத் திருப்பினால் 'வைகை'.

ஓசை ஒற்றுமையை நம்பும் குறிப்புகளை, அதாவது மழையையும் மலையையும் ஒன்றாக்குபவற்றை, நான் விரும்புவதில்லை. ல, ள, ழ மூன்றுக்கும் தனித்தனி ஒலி உள்ள மொழியில் அது நியாயமான ஏமாற்று அல்ல.

துண்டு எழுத்துகள் எங்கிருந்து வருகின்றன

புதியவர்கள் திணறுவது இந்த இடத்தில்தான். ஒற்றை எழுத்துகளைக் கொடுப்பதற்குப் புதிராசிரியரிடம் சில நிரந்தரக் கருவிகள் உண்டு. அவற்றைத் தெரிந்துகொண்டால் பாதிப் புதிர்கள் வழிக்கு வந்துவிடும்.

முதலாவது ஸ்வரம். ச, ரி, க, ம, ப, த, நி ஆகிய ஏழில் எது வேண்டுமானாலும் 'ஸ்வரம்' என்ற சொல்லுக்குள் இருக்கலாம். இரண்டாவது தமிழ் எண். ஒன்றுக்கு க, இரண்டுக்கு உ, மூன்றுக்கு ங, நான்குக்கு ச, ஐந்துக்கு ரு, ஆறுக்கு சு, ஏழுக்கு எ, எட்டுக்கு அ, ஒன்பதுக்கு கூ, பத்துக்கு ய. இதை மனப்பாடம் செய்துவிடுங்கள். மூன்றாவது இலக்கணமும் எழுத்தின் வடிவமும். 'உயிர்' என்ற சொல் உயிரெழுத்தாக இருக்கலாம், 'உடல்' மெய்யெழுத்தாக இருக்கலாம். 'பல்லுக்கு உயிர் கொடுத்தால் ஏராளம் (2)' என்ற குறிப்பில் 'ல்' என்ற மெய்க்கு அகர உயிர் கிடைத்து, 'பல்' என்பது 'பல' ஆகிறது.

இவற்றில் மிகப் பெரிய கள்ளன் 'கால்' என்ற சொல். சாதாரண வாக்கியத்தில் அது உடலுறுப்பு. எண்ணாக எடுத்தால் நாலில் ஒன்று, அதற்கு எழுத்து 'வ'. எழுத்து வடிவமாக எடுத்தால் துணைக்கால். 'படத்துக்குக் கால் முளைத்தால் ஆசிரியர் நடத்துவது (3)' என்று வந்தால் 'படம்' என்பதில் முதலெழுத்துக்குத் துணைக்கால் போட்டு 'பாடம்' ஆக்க வேண்டும். சொல்லின் அடி என்று எடுத்தால் கடைசி எழுத்து. பழைய வழக்கில் காற்றுக்கும் கால் என்று பெயர். குறிப்பில் 'கால்' வந்தால் இந்த ஐந்தையும் வரிசையாகப் பொருத்திப் பார்க்காமல் நகராதீர்கள். 'கொம்பு' என்ற சொல்லிடமும் இதே எச்சரிக்கை தேவை. அது எழுத்துக்கு முன் நிற்கும் ஒற்றைக் கொம்பாக இருக்கலாம்.

'படத்துக்கு' என்று உருபேற்ற சொல்லிலிருந்து 'படம்' என்ற மூலச் சொல்லை நாமே மீட்டுக்கொண்டோம். கலைக்கவோ தேடவோ வேண்டாத இடங்களில் இந்தச் சலுகையைப் புதிராசிரியருக்குக் கொடுக்கலாம். இல்லாவிட்டால் தமிழில் வாக்கியமே அமையாது.

இப்போது தவளைக்கு வருவோம்

விலங்குக்குள் கால் நுழைய, குளத்தில் குதிப்பது (3)

வெட்ட வேண்டிய இடம் காற்புள்ளிக்கு அருகில்தான் என்று தோன்றுகிறது. பொதுவாகக் குறிப்பின் நிறுத்தக் குறிகளை நம்பக் கூடாது, அவை காட்சிக்காகப் போடப்பட்டவை. இங்கே தற்செயலாகச் சரியாக இருக்கிறது. 'குளத்தில் குதிப்பது' நேரடிப் பொருள் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் இருப்பது 'விலங்குக்குள் கால் நுழைய'. 'உள்ளே நுழைய' என்பது ஏவல். ஒன்றுக்குள் ஒன்றை வைக்கச் சொல்கிறது. விடை மூன்றே எழுத்து, ஆகவே உள்ளே நுழைவது ஓரெழுத்து, வெளியே நிற்பது ஈரெழுத்துச் சொல். ஓரெழுத்துக் கால் என்றால் 'வ'. ஈரெழுத்து விலங்கு? நரி, புலி, மான், பசு என்று மிருகங்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தால் நவரி, புவலி என்று பொருளற்றவைதான் வருகின்றன. முட்டுச்சந்து. அப்போது பொருளை மாற்ற வேண்டும். கையில் பூட்டும் விலங்குக்கு இன்னொரு பெயர் 'தளை'. அதற்குள் 'வ' நுழைந்தால் த-வ-ளை.

முட்டிக்கொண்ட இடத்தில் எழுத்தை மாற்றாமல் பொருளை மாற்றியதால்தான் வழி கிடைத்தது. எந்தக் குறிப்பில் மாட்டிக்கொண்டாலும் ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டாவது பொருள், மூன்றாவது பொருள் என்று எழுதிப் பாருங்கள். அகராதியைத் திறப்பது குற்றமல்ல. அகராதியில் அலைந்தபடி கற்றுக்கொண்ட சொற்கள்தான் என்னிடம் அதிகம்.

இன்னொன்று, சற்றுப் பெரியது.

இரு ஸ்வரங்களை விழுங்கிய மரம் பச்சையாக ஜொலிக்கும் (5)

மரம் பச்சையாக இருப்பது இயல்புதானே என்று மனம் அங்கேயே தங்கிவிடும், தங்க விடாதீர்கள். 'விழுங்கிய' என்பது ஏவல். விழுங்கப்படுபவை இரு ஸ்வரங்கள், ஆகவே இரண்டு எழுத்து. ஐந்தில் இரண்டு போனால் மூன்று. மூன்றெழுத்து மரத்தின் பெயரைத் தேடி ஓடுவதற்கு முன் 'மரம்' என்ற சொல்லையே எண்ணிப் பாருங்கள், ம, ர, ம் என்று சரியாக மூன்று. 'மர' என்பதற்கும் 'ம்' என்பதற்கும் நடுவில் இரு ஸ்வரங்கள். 'க', 'த' இரண்டையும் வைத்தால் மர-கத-ம். 'பச்சையாக ஜொலிக்கும்' கல், மரகதம்.

கட்டங்கள் செய்யும் உதவி

ஒரு சொல்லைப் போட்டதும் அதைக் குறுக்கே வெட்டும் சொற்களுக்கு ஓர் எழுத்து கிடைக்கிறது. தமிழில் அந்த ஓர் எழுத்துக்கு மதிப்பு அதிகம், ஏனென்றால் எந்த எழுத்துக்குப் பின் எது வரலாம் என்பதில் நம் மொழிக்குக் கட்டுப்பாடு உண்டு. கட்டத்தில் 'க்' விழுந்தால் அடுத்த கட்டம் க வரிசைதான். ச், த், ப் மூன்றுக்கும் அப்படியே தத்தம் வரிசை. சக்தி, பக்தி, ரத்னம் போன்ற வடசொற்கள் மட்டும் விலக்கு. 'ங்' வந்தால் அடுத்தது பெரும்பாலும் க வரிசை, 'ஞ்' வந்தால் ச அல்லது ஞ, 'ந்' வந்தால் த அல்லது ந. 'ட்' வந்தால் ட, க, ச, ப ஆகியவற்றில் ஒன்றைத் தேடலாம். ட, ண, ற, ன, ழ, ள தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது. ர, ல வந்தால் பெரும்பாலும் பிறமொழிச் சொல். கடைசிக் கட்டத்தில் க், ச், ட், த், ப், ற் நின்றால் அது டிக்கெட் போன்ற வந்த சொல்லாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் குறுக்குச் சொல் தவறு.

நான் கட்டத்தை இடமிருந்து வலமாக ஒன்றிலிருந்து தொடங்குவதில்லை. எல்லாக் குறிப்புகளையும் ஒரு முறை ஓட்டிப் படித்து, ஒளிந்திருப்பவற்றையும் கலைந்திருப்பவற்றையும் முதலில் போடுகிறேன். இந்த இரண்டு வகையிலும் எழுத்துகள் குறிப்பிலேயே இருக்கின்றன, ஆகவே விடை உறுதியாகத் தெரியும். ஐயமுள்ளதைப் பென்சிலால் எழுதுங்கள். காரணம் தெரியாமல் பேனாவால் எழுதிய ஒரு சொல் சுற்றியிருக்கும் மூன்று சொற்களைக் கெடுத்துவிடும்.

விளக்கம் எழுதும் முறை

விடை கண்டபின் ஒரு வரி விளக்கம் எழுதும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள். 'மரகதம், பச்சைக் கல்' என்று எழுதினால் அது விளக்கமே அல்ல. நல்ல விளக்கம் குறிப்பில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் கணக்குக் காட்ட வேண்டும். நான் எழுதும் முறை இது:

தவளை = த(வ)ளை. விலங்கு = தளை. கால் = வ. உள் நுழைய = வ உள்ளே. குளத்தில் குதிப்பது = நேரடிப் பொருள்.

மரகதம் = மர(க+த)ம். இரு ஸ்வரங்கள் = க, த. விழுங்கிய = உள்ளே வை. பச்சையாக ஜொலிக்கும் = நேரடிப் பொருள்.

உள்ளே போனதை அடைப்புக்குறியில் போடுவது, ஒட்டியதற்குக் கூட்டல் குறி, நீக்கியதற்குக் கழித்தல் குறி, கலைத்ததற்கு நட்சத்திரக் குறி. நகரம்* = நரகம். க-கவிதை என்று குழப்பாமல், கவிதை – க = விதை என்று எழுதுங்கள். கணக்கில் ஏதாவது ஒரு சொல் மிஞ்சினால் இரண்டில் ஒன்று: அது 'ஆனால்', 'வந்தால்', 'சேர்ந்து' போன்ற இணைப்புச் சொல்லாக இருக்கலாம், அல்லது உங்கள் விடை தவறாக இருக்கலாம். இரண்டாவதற்கே முதலில் இடம் கொடுத்துச் சோதியுங்கள். மூன்றாவதாக, புதிராசிரியரே ஒரு வேண்டாத சொல்லைப் போட்டிருக்கலாம் என்பதும் உண்மை. ஆனால் அந்த முடிவுக்கு வருவதற்கு முன் ஒரு இரவாவது அந்தக் குறிப்பைத் தள்ளி வைத்துப் பாருங்கள்.

வேறொருவருக்கு விளக்கும்போது விடையை உடனே கொட்டிவிடாதீர்கள். நேரடிப் பொருள் முன்னாலா பின்னாலா என்று மட்டும் முதலில் சொல்லுங்கள். அது போதவில்லை என்றால் ஏவும் சொல்லைச் சுட்டுங்கள். பிறகு ஒரு துண்டு எழுத்து. பெரும்பாலானவர்கள் இரண்டாவது கட்டத்திலேயே பிடித்துக்கொள்வார்கள், அந்தச் சந்தோஷம் அவர்களுடையதாகவே இருக்கட்டும்.

பழகிப் பார்க்க மூன்று:

1. கரும்பில் ஐந்தை ஒடித்தெடுத்தால் ஒரு தானியம் (3)
2. செய்யுளைத் தொடரும் வடகாற்று இடுப்பைச் சுற்றியிருக்கும் (3)
3. பட்டிக்குக் கொம்பு முளைத்தால் துணிமணி வைக்கலாம் (3)

மூன்றிலும் நேரடிப் பொருள் கடைசியில் இருக்கிறது. முதலாவதற்குத் தமிழ் எண் வேண்டும், இரண்டாவது ஒட்டுவது, மூன்றாவதற்கு எழுத்தின் வடிவத்தைப் பாருங்கள். இதற்கு மேல் படிக்கும் முன் ஒரு தாளில் எழுதிவிடுங்கள்.

கம்பு = கரும்பு – ரு. ஐந்து = ரு. ஒடித்தெடுத்தால் = நீக்கு. ஒரு தானியம் = நேரடிப் பொருள்.

பாவாடை = பா + வாடை. செய்யுள் = பா. வடகாற்று = வாடை. தொடரும் = பின்னால் வை. இடுப்பைச் சுற்றியிருக்கும் = நேரடிப் பொருள்.

பெட்டி = பட்டி, முதலெழுத்துக்கு ஒற்றைக் கொம்பு. முளைத்தால் = கொம்பைச் சேர். துணிமணி வைக்கலாம் = நேரடிப் பொருள்.